ஆயிரம் வரி எடிட்டருக்குள் ஒரு லுவா

பழைய சிற்றிதழ்க் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து சேர்த்துவைக்கும் வேலையை நானும் சில நண்பர்களும் ஓய்வு நேரத்தில் செய்துவருகிறோம். ஆளுக்கொரு விசைப்பலகை. கோப்புகள் என்னிடம் வந்து சேரும்போது பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். 'கொடி' என்று தேடிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: பாதி இடங்களில் சிக்கும், பாதி இடங்களில் சிக்காது. காரணம் கொம்பும் காலும். 'ொ' என்ற குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் சேமிக்கலாம், அதன் எண் 3018. ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே இருக்காது. கோப்பில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட்.

இதை ஒரே விசையில் சரிசெய்ய வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஆனால் இப்படிச் செய்ய வேண்டிய சின்னத் திருத்தங்கள் வாரம் ஒன்று முளைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எடிட்டரின் சி நிரலைத் திறந்து, எழுதி, கம்பைல் செய்து, மூடித் திறந்து கொண்டிருக்க முடியாது. திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதிக்கொள்ள எடிட்டருக்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருந்தால் வேலை முடிந்தது. 1985இல் வந்த குனு ஈமேக்ஸ் எடிட்டர் அப்படித்தான் கட்டப்பட்டது: அடியில் சி, மேலே லிஸ்ப். நியோவிம் என்ற எடிட்டரின் அமைப்புகளையும் நீட்சிகளையும் இன்று லுவா என்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழியில் எழுதலாம். அந்த அளவுக்குப் போகாமல், ஒரு சின்ன எடிட்டருக்குள் லுவாவை நான் வைத்த விதத்தை இங்கே சொல்கிறேன். சி ஓரளவு தெரிந்தவர்கள் இரண்டு மாலைகளில் செய்துவிடலாம். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த எடிட்டர், எந்த மொழி

எடிட்டர், சால்வதோரே சான்ஃபிலிப்போ 2016இல் எழுதிய கிலோ. ஒரே சி கோப்பு, குறிப்புரைகளை விட்டு எண்ணினால் ஆயிரம் வரிக்குள். வெளி நூலகம் எதுவும் வேண்டாம். முழுவதையும் ஒரு நாளில் படித்துவிடலாம் என்பதே இதை எடுத்ததற்குக் காரணம். அடுத்தவர் எழுதிய பெரிய எடிட்டருக்குள் கை வைத்தால், எது நம் பிழை, எது அவர்கள் வழக்கம் என்றே புரியாது.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிலோ தமிழை எழுத்தாக அறியாது. பைட் பைட்டாகப் பார்த்து, அச்சிடத்தக்கதாக இல்லாத பைட்டுக்குச் சில சமயம் வேறு குறி போட்டுவிடும். கோப்பில் எழுத்து பத்திரமாகவே இருக்கும். 127க்கு மேற்பட்ட பைட்டுகளை அப்படியே விடச் சொல்லி நான் மாற்றிக்கொண்டேன். கர்சர் இடம் தள்ளித்தான் நிற்கிறது. அது தனி வேலை.

மொழி லுவா, பதிப்பு 5.4. 1993இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபர்த்தோ இயருசாலிம்ஸ்கியும் இரண்டு நண்பர்களும் உருவாக்கியது. போர்ச்சுகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. வேறு ஒரு சி நிரலுக்குள் குடியேறுவதற்கென்றே ஆரம்பம் முதல் வடிவமைத்த மொழி இது. இதன் நிலை முழுவதும் ஒரே ஒரு பாயிண்டருக்குள் அடங்கும். மறைவான குளோபல் மாறிகள் கிடையாது. 5.3 முதல் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) நூலகமும் கூடவே வருகிறது. நம் வேலைக்கு அது அவசியம்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லுவாவின் சாதாரண ஸ்ட்ரிங் நூலகத்திடம் கேட்டால் 15 என்னும், யுடிஎஃப்-8 நூலகத்திடம் கேட்டால் 5 என்னும். நம் கண்ணுக்கு 3.

உள்ளே கொண்டுவருதல்

லுவாவின் மூல நிரலை இறக்கி, அதன் எஸ்ஆர்சி அடைவை அப்படியே கிலோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் லுவா.சி, லுவாக்.சி என்ற இரண்டு கோப்புகளையும் நீக்கிவிடுங்கள். இரண்டிலும் தனித்தனி மெயின் இருக்கிறது, கிலோவின் மெயினோடு மோதும். மீதியுள்ள எல்லா சி கோப்புகளையும் கிலோவோடு சேர்த்து ஒரே கட்டளையில் கம்பைல் செய்யலாம். கடைசியில் கணித நூலகத்தை இணைக்க 'எல்எம்' கொடியைச் சேர்க்க வேண்டும். மறந்தால் 'பவ் கிடைக்கவில்லை', 'எஃப்மாட் கிடைக்கவில்லை' என்று லிங்கர் நிற்கும்.

பிறகு கிலோவின் மெயினில், திரையைத் தயார் செய்யும் வரிக்குப் பின்னால், புது லுவா நிலையை உருவாக்கும் லுவாஎல்_நியூஸ்டேட்டை அழையுங்கள். கிடைக்கும் பாயிண்டரை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பாடங்கள் அடுத்த வரியிலேயே எல்லா நூலகங்களையும் திறக்கும் லுவாஎல்_ஓபன்லிப்ஸை அழைக்கச் சொல்லும். எடிட்டருக்குள் அது வேண்டாம். ஐஓ நூலகம் உள்ளே வந்தால், ஸ்கிரிப்ட் ஒரு வரி உள்ளீடு கேட்கும்போது, எடிட்டர் படித்துக்கொண்டிருக்கும் அதே விசைப்பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓஎஸ் நூலகத்தில் எக்ஸிட் இருக்கிறது. ஸ்கிரிப்டில் யாரோ அதைக் கூப்பிட்டால், சேமிக்கலாமா என்றுகூடக் கேட்காமல் எடிட்டர் மூடிவிடும். ஆகவே லுவாஎல்_ரிகொயர்எஃப் கொண்டு அடிப்படை, ஸ்ட்ரிங், டேபிள், கணிதம், யுடிஎஃப்-8 ஆகிய ஐந்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கின் (சி-யும் லுவாவும் மதிப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் அடுக்கு) மேல் ஒரு பிரதியை விட்டுச் செல்லும், அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

அடிப்படை நூலகத்தோடு வரும் பிரிண்ட்டையும் மாற்றிவிடுங்கள். அது நேராக டெர்மினலில் எழுதும். எடிட்டர் வரைந்து வைத்த திரை நடுவில் கந்தலாகும். கிலோவில் திரையின் அடியில் உள்ள நிலைவரியில் செய்தி காட்ட ஒரு ஃபங்ஷன் ஏற்கெனவே உண்டு, பிரிண்ட்டை அதற்குத் திருப்பிவிட்டேன். கவனிக்க வேண்டியது: அந்தச் செய்திக்கு கிலோ ஒதுக்கியிருப்பது 80 பைட், கடைசி பைட் முடிவுக்குறிக்கு. தமிழில் எழுதினால் 26 குறியீடுகள் போக ஒரு பைட் மிஞ்சி, அடுத்த எழுத்து நடுவில் வெட்டுப்பட்டு ஒரு குப்பைக் குறி தோன்றும். 400ஆக உயர்த்தினேன்.

கதவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்

நான் அதிகம் யோசித்தது இங்கேதான். ஸ்கிரிப்டுக்கு எடிட்டரில் எதைத் தொட அனுமதி?

முதல் முயற்சியில் தாராளமாக இருந்தேன். கிலோவில் ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்ட்ரக்ட், எல்லாம் ஒரே அரேயில் வரிசையாக இருக்கும். அந்த ஸ்ட்ரக்டின் பாயிண்டரையே லுவாவிடம் கொடுத்தேன். வேகம், நேரடி, எல்லாம் சரி. வரியைப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் நன்றாக ஓடின. ஒரு நாள், நீண்ட பத்தியை இரண்டாக உடைக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். கிலோ புது வரி சேர்க்கும்போது அந்த அரேயை ரியாலக் செய்கிறது, அதாவது பெரிய இடம் கேட்கிறது. அரே நினைவகத்தில் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. லுவா கையில் இருந்தது பழைய வீட்டு முகவரி. சில கோப்புகளில் எதுவும் ஆகவில்லை, சிலவற்றில் வரிகள் குழம்பின, ஒன்றில் எடிட்டர் விழுந்தது. மூன்று நாள் தேடினேன்.

அதிலிருந்து ஒரே விதி: ஸ்கிரிப்டுக்கும் எடிட்டருக்கும் இடையிலான கதவு வழியாக எண்ணும் சரமும் (ஸ்ட்ரிங்) மட்டும் போகும். பாயிண்டர் போகாது. ஸ்கிரிப்ட் 'மூன்றாவது வரியைக் கொடு' என்று எண் சொல்லிக் கேட்கட்டும், எடிட்டர் அந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்கட்டும். ஒரு பிரதி கூடுதலாகும்தான். கட்டுரை அளவுக் கோப்புகளில் அது தெரியவே தெரியாது.

அதனால் 'எடி' என்று ஒரு டேபிள், அதில் ஐந்தே ஃபங்ஷன்கள் வைத்தேன்: மொத்த வரி எண்ணிக்கை தரும் 'வரிகள்', ஒரு வரியின் உரையைத் தரும் 'வரி', வரியை மாற்றும் 'மாற்று', நிலைவரியில் காட்டும் 'செய்தி', ஒரு விசைக்கு வேலையைக் கட்டும் 'விசை'. லுவா 5.4 இயல்பாக மாறிப் பெயர்களில் தமிழ் எழுத்தை ஏற்காது. உண்மையில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. சரத்துக்குள் தமிழ் தாராளமாக வரலாம்.

'வரி' என்பதை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். மற்றவை இதே அச்சுதான். ஸ்கிரிப்டில் எடி.வரி(3) என்று எழுதினால், லுவா நம் சி ஃபங்ஷனை அழைக்கிறது. ஸ்டாக்கின் 1ஆம் இடத்தில் 3 என்ற எண் இருக்கும். லுவாஎல்_செக்இன்டிஜர் அதை எடுத்துத் தருகிறது, எண் இல்லையென்றால் பிழை எழுப்புகிறது. லுவாவில் எண்ணிக்கை 1இல் தொடங்கும், சி அரே 0வில். ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். கழித்தது 0வுக்குக் கீழோ, வரி எண்ணிக்கைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் 'அப்படி ஒரு வரி இல்லை' என்று லுவாஎல்_எரர். இந்தக் கழித்தலை எல்லா ஃபங்ஷன்களிலும் முதல் வேலையாக, ஒரே துணை ஃபங்ஷன் வழியாகச் செய்யுங்கள். ஆங்காங்கே செய்தால் எங்கேயாவது விட்டுப்போகும். அப்புறம் லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங் மூலம் வரியின் பைட்டுகளையும் நீளத்தையும் கொடுத்து ஸ்டாக்கில் தள்ளி, 1 என்று திருப்பி அனுப்புங்கள். அந்த 1, 'ஸ்டாக்கின் மேலே உள்ள ஒன்றுதான் விடை' என்று பொருள். நீளம் கேட்காத புஷ்ஸ்ட்ரிங்கும் இருக்கிறது. அது பூஜ்ய பைட்டைக் கண்டதும் நின்றுவிடும், கோப்புக்குள் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

'மாற்று' எழுதும்போது வரிசை முக்கியம். லுவாவில் பிழை எழும்போது அது சி-யின் லாங்ஜம்ப் மூலம் பாய்ந்து வெளியேறுகிறது; நம் ஃபங்ஷனின் மீதி வரிகள் ஓடாது. மேலேயே மாலக் செய்து நினைவகம் வாங்கிவிட்டு, கீழே உள்ளீடு சரமா என்று பார்க்கும் செக்எல்ஸ்ட்ரிங் பிழை எழுப்பினால் அந்த நினைவகம் யாருக்கும் இல்லாமல் போகும். எல்லாச் சோதனைகளும் முதலில், மாலக் கடைசியில். புது உரையைப் பிரதியெடுத்து, பழையதை விடுவித்து, நீளத்தை எழுதி, கிலோவின் 'எடிட்டர்அப்டேட்ரோ'வை அழைத்து, கோப்பு மாறியது என்ற எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். இந்தக் கடைசியை விட்டால், மாற்றத்தைச் சேமிக்காமலே வெளியேற எடிட்டர் விட்டுவிடும்.

விசையைக் கட்டுதல்

'விசை'க்கு இரண்டு உள்ளீடு: விசை எண், லுவா ஃபங்ஷன். லுவா ஃபங்ஷனை சி மாறியில் நேராக வைக்க முடியாது, குப்பை சேகரிப்பான் அதை எடுத்துப் போய்விடலாம். லுவாஎல்_ரெஃப் அதை லுவாவின் பதிவேட்டில் பத்திரப்படுத்தி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை 32 இடம் உள்ள ஓர் அரேயில், விசை எண்ணின் இடத்தில் வைக்கிறேன். 0வுக்குக் கீழும் 31க்கு மேலும் உள்ள எண்ணை 'விசை' ஏற்காது. கிலோவில் சாதாரணத் தட்டச்சின்போது விசைகளைக் கவனிக்கும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்று. அதன் ஸ்விட்சுக்கு முன்னால், வந்தது 0 முதல் 31 வரையிலான எண்ணாக இருந்து, அந்த இடத்தில் ஏதாவது கட்டியிருந்தால், லுவா_ராகெட்ஐ மூலம் ஃபங்ஷனை மீட்டெடுத்து அழைக்கலாம்.

கன்ட்ரோலோடு சேர்ந்த எழுத்தின் எண், அந்த எழுத்து ஆங்கில வரிசையில் எத்தனையாவது என்பதுதான். கன்ட்ரோல்-கே 11. கிலோ அதை வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. கொம்பைத் திருத்தும் ஸ்கிரிப்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

பிழை வந்தாலும் எடிட்டர் விழக்கூடாது

ஆரம்பத்தில் விசையை லுவா_கால் என்ற சாதாரண அழைப்பில் விட்டிருந்தேன். ஒரு மாலை முழுக்க ஒரு நீண்ட கட்டுரையை மெய்ப்புப் பார்த்து, சேமிக்காமல், கன்ட்ரோல்-கே அடித்தேன். ஸ்கிரிப்டில் ஒரு மாறிப் பெயரில் எழுத்துப்பிழை. பாதுகாப்பில்லாத அழைப்பில் பிழை எழுந்தால் லுவா பேனிக் ஃபங்ஷனை அழைக்கும், அது திரும்பியதும் நிரலை அங்கேயே முறிக்கும் அபார்ட். எடிட்டர் போனது, கட்டுரையின் திருத்தங்களும் போயின. கிலோ டெர்மினலை ரா நிலையிலிருந்து (தட்டும் விசைகள் பதப்படுத்தப்படாமல் நேராக நிரலுக்குப் போகும் நிலை) மீட்கும் வேலையை, நிரல் முறையாக முடியும்போது ஓடும் அட்எக்ஸிட்டில் வைத்திருக்கிறது. அபார்ட் அதை ஓட்டாது. சில ஷெல்கள் தாங்களே டெர்மினலைச் சரிசெய்துகொள்ளும். மற்றவற்றில் தட்டுவது எதுவும் திரையில் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' அடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே சி பக்கத்திலிருந்து லுவாவுக்குள் போகும் ஒவ்வொரு அழைப்பும் லுவா_பிகால் வழியாகத்தான். எடிட்டர் திறக்கும்போது ஓடும் லுவா ஸ்கிரிப்டான துவக்கக் கோப்பை ஏற்றுவது, விசை, எதுவானாலும். பூஜ்யம் வந்தால் நல்லது. வேறு எண் வந்தால் ஸ்டாக்கின் மேலே பிழை இருக்கும். அதை நிலைவரியில் காட்டி, ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிட்டு, தட்டச்சைத் தொடர விடுங்கள். பிழை எப்போதும் சரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஸ்கிரிப்ட் ஒரு டேபிளையே பிழையாக எறியலாம், அப்போது லுவா_டுஸ்ட்ரிங் நல் தரும். லுவாஎல்_டுஎல்ஸ்ட்ரிங் எதையும் சரமாக்கித் தரும். ஆனால் அது சரத்தைப் பிழைக்கு மேலே கூடுதலாக ஒன்றாகத் தள்ளும், எடுக்கும்போது இரண்டாக எடுக்க வேண்டும். அழைப்புக்கு முன்னும் பின்னும் லுவா_கெட்டாப் ஒரே எண்ணைத் தருகிறதா என்று ஓர் அசர்ட்டை நான் சோதனைப் பதிப்பில் வைத்திருக்கிறேன். ஸ்டாக்கில் விட்டுப்போன பொருள் எதுவும் அதில் தப்பாது.

முடிவில்லாத சுழற்சி அடுத்தது. கிலோ ரா நிலையில் கன்ட்ரோல்-சி-யின் சிக்னலை அணைத்து வைத்திருக்கிறது, எனவே சுழலும் ஸ்கிரிப்டை விசைப்பலகையிலிருந்து நிறுத்த வழியில்லை. லுவா_செட்ஹுக் உதவும்: இத்தனை லுவா கட்டளைகளுக்கு ஒருமுறை என் ஃபங்ஷனைக் கூப்பிடு என்று சொல்லலாம். முதலில் 10 லட்சம் கட்டளை ஆனதும் பிழை எழுப்பி நிறுத்தினேன். பெரிய தொகுப்புக் கோப்பு ஒன்றில் நேர்மையான ஸ்கிரிப்டே பாதியில் நின்றது. மேல் பாதி மாறி, கீழ்ப் பாதி மாறாமல் கிடந்தது. இப்போது ஒரு லட்சம் கட்டளைக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, 3 விநாடி தாண்டியிருந்தால் மட்டும் நிறுத்துகிறேன். ஒரு சி ஃபங்ஷன் உள்ளேயே நேரம் எடுத்தால் இந்த ஹுக் அதைப் பார்க்காது. தேடலுக்குச் சிக்கலான வடிவங்கள் எழுதும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிற்பதற்கான மருந்து ஸ்கிரிப்ட் பக்கத்திலும் இருக்கிறது. எல்லா வரிகளையும் படித்து, புது உரைகளை ஒரு டேபிளில் சேர்த்து, முழுவதும் முடிந்த பிறகு மட்டும் 'மாற்று' அழைக்க வேண்டும். கிலோவில் செய்ததைத் திரும்பப்பெறும் வசதி கிடையாது என்பதால் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

கொம்பு ஸ்கிரிப்ட்

துவக்கக் கோப்பில் மூன்று இணைகள்: 3014உம் 3006உம் சேர்ந்தால் 3018 ('ொ'), 3015உம் 3006உம் சேர்ந்தால் 3019 ('ோ'), 3014உம் 3031உம் சேர்ந்தால் 3020 ('ௌ'). யுடிஎஃப்-8 நூலகத்தின் சார் ஃபங்ஷனுக்கு எண்களைக் கொடுத்தால் சரம் கிடைக்கும், ஜிசப் ஒன்றை மற்றொன்றால் மாற்றும். தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாம் 127க்கு மேல் இருப்பதால், லுவாவின் வடிவத் தேடலில் தனிப்பொருள் உள்ள புள்ளி, சதவீதக்குறி போன்றவற்றோடு மோதல் வராது. 1 முதல் வரி எண்ணிக்கை வரை ஒரு சுழற்சி, மாறிய வரிகளை மட்டும் சேர்த்துவைத்தல், பிறகு மாற்றுதல், எத்தனை வரி மாறியது என்று ஒரு செய்தி. இருபது வரிக்கும் குறைவு.

ஓட்டியதும் ஒரு விநோதம் பார்த்தேன். வரியின் கடைசியில் கர்சர் நின்றது, வரியில் 'கொடி' ஒரே ஒரு முறை இருந்தது. கன்ட்ரோல்-கே அடித்துவிட்டு ஓர் எழுத்துத் தட்டினால், அதற்கு முன்னால் மூன்று வெற்றிடங்கள் தாமாக வந்தன. 6 பைட் 3ஆகச் சுருங்கி, வரி குறுகிவிட்டது. கர்சர் பழைய இடத்திலேயே நிற்கிறது. கிலோ, வரிக்கு வெளியே எழுத்துச் சேர்த்தால் இடைவெளியை வெற்றிடத்தால் நிரப்பும். ஒவ்வொரு லுவா அழைப்பும் முடிந்ததும் கர்சர் வரியின் நீளத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து இழுத்துவிடும் நான்கு வரிகளை விசை அழைப்பின் முடிவில் சேர்த்தேன். கிலோ கர்சரைத் திரையைப் பொறுத்து வைத்திருக்கிறது. உண்மையான இடம் வேண்டுமென்றால் உருட்டிய அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஆனதும், நிஜக் கோப்பைத் திறக்கும் முன் நான்கு கெட்ட ஸ்கிரிப்டுகளை வேண்டுமென்றே ஓட்டிப் பாருங்கள். மூடும் 'எண்ட்' இல்லாத துவக்கக் கோப்பு. இல்லாத வரியைக் கேட்கும் ஸ்கிரிப்ட். டேபிளைப் பிழையாக எறியும் ஸ்கிரிப்ட். நிற்காத சுழற்சி. ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு எழுத்துத் தட்டி, கன்ட்ரோல்-எஸ் அடித்து, கோப்பை வெளியிலிருந்து திறந்து அந்த இரண்டு எழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கிலும் இருந்த பிறகுதான் மெய்ப்புக் கோப்புகளை இதில் திறக்க ஆரம்பித்தேன்.